மின் டெலிவரி வேனில் சார்ஜ் ஏறவில்லையா? அறிகுறி வாரியான சோதனைகள், சார்ஜிங் போர்ட் மாற்றுவது வரை

எரிந்த சார்ஜிங் போர்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டு போகும் வேன், கொஞ்ச நாளில் அதே கருகலோடு திரும்பி வரும். போர்ட்டைக் கருக்கியது பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும்: தேய்ந்துபோன கன், அதாவது போர்ட்டில் மாட்டும் கேபிளின் கைப்பிடி முனை. சார்ஜ் ஏறாததற்கும் காரணம் பல நேரம் போர்ட்டுக்கு வெளியேதான்: தளர்ந்த சுவர் சாக்கெட், பெயருக்கு மட்டும் இருக்கும் எர்த். அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் காசில்லாத சோதனை முதலில் வரும், போர்ட் கடைசியில் வரும்.

இது டைப் 2 (ஏ.சி. சார்ஜ் மட்டும்) அல்லது சி.சி.எஸ். 2 (அதோடு டி.சி. வேகச் சார்ஜும்) போர்ட் உள்ள நான்கு சக்கரச் சிறு சரக்கு வேன்களுக்கானது. மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோக்களில் போர்ட்டின் வடிவமும் மின்னழுத்தமும் வேறு. ஆனால் சுவர் சாக்கெட், எர்த், ஈரம் பற்றிய பகுதிகள் அவற்றுக்கும் பொருந்தும்.

போர்ட்டின் மூடியைத் திறந்து நேராகப் பார்த்தால் மேல் வரிசையில் சிறிய பின்கள் 2. அவை பி.பி., சி.பி. எனப்படும் சிக்னல் பின்கள். நடு வரிசையில் 3. அவற்றின் நடுவில் இருப்பது எர்த், இரு பக்கமும் ஃபேஸும் நியூட்ரலும். அதற்குக் கீழ் வரிசையில் 2 இடம் இருக்கும். சிங்கிள் ஃபேஸ் வண்டியில் அவை காலியாக இருக்கலாம், அது குறை அல்ல. சி.சி.எஸ். 2 போர்ட்டில் அடியில் தனியாகப் பெரிதாக இருக்கும் இரண்டும் வேகச் சார்ஜுக்கான டி.சி. பின்கள்.

டி.சி. பின்களில் மீட்டர் முனையை வைக்கவே வேண்டாம். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள் போகும் எதையும் அதற்கான பயிற்சி இல்லாதவர் கழற்றக் கூடாது. மற்றபடி கையில் வேண்டியவை: 1000 வோல்ட் தாங்கும் கேட் 3 பாதுகாப்புத் தர மல்டிமீட்டர், தூரத்திலிருந்து சூடு காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், நல்ல டார்ச், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மென்மையான நைலான் பிரஷ்.

## அறிகுறி 1: கன் மாட்டினாலும் வண்டியில் எந்த அசைவும் இல்லை

கேபிளின் நடுவில் உள்ள பெட்டியில் விளக்கே எரியவில்லை. வண்டியை விட்டுவிட்டுச் சுவருக்குப் போங்கள். எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் விழும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச்) இரண்டும் மேலே இருக்கின்றனவா என்று பாருங்கள். அதே சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியைச் செருகிப் பாருங்கள். அது சூடானால் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கிறது, பழுது பெட்டியிலோ அதன் பிளக்கிலோ. பெட்டியைப் பிரிக்க வேண்டாம். உள்ளே பசை ஊற்றி அடைத்திருப்பார்கள், திறந்தால் நீர்க்காப்பு போய்விடும்.

பெட்டியில் பச்சை எரிகிறது, ஆனால் வண்டி கண்டுகொள்ளவில்லை. முதலில் 12 வோல்ட் பேட்டரியை அளந்து பாருங்கள். பெரிய பேட்டரியில் 60 சதவீதம் இருந்தாலும், சிறிய பேட்டரி படுத்துவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் விழிக்காது, சார்ஜும் தொடங்காது. ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நல்லது. 11.8-க்குக் கீழே என்றால் போர்ட்டைத் தொடும் முன் அதைச் சார்ஜ் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். போர்ட் பழுது என்று இழுத்து வரப்படும் வண்டிகளில் இதை முதலில் பார்ப்பது பெரிய செலவைத் தடுக்கும்.

அது சரியாக இருந்தால் கன் முழுதாக உள்ளே போகிறதா என்று பாருங்கள். மரவள்ளி மாவு, ஜவ்வரிசி மூட்டை ஏற்றும் வண்டிகளில் மூடி சரியாக மூடாவிட்டால் போர்ட்டின் அடியில் மாவு சேரும். ஈரம் பட்டதும் அது பசையாகி இறுகிவிடும். வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம் ஓடும் வண்டியில் இதே வேலையை வெள்ளைத் தூசி செய்யும். கன் 2 மில்லிமீட்டர் குறைவாகப் போனாலே சிக்னல் பின்கள் தொடாமல் போகலாம், ஏனென்றால் அவை மற்றவற்றைவிடக் குட்டை.

சுத்தம் செய்யும் முறை: பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். வண்டியை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். காய்ந்த நைலான் பிரஷால் தூசியைத் தளர்த்தி, கையால் அழுத்தி ஊதும் ரப்பர் பல்பால் ஊதுங்கள். பஞ்சர் கடைக் காற்று வேண்டாம், அதில் நீரும் எண்ணெயும் கலந்து வரும். பிறகு ஆல்கஹால் தொட்ட பிரஷால் ஏ.சி. பின்களையும் சிக்னல் பின்களையும் மட்டும் துடைத்து 15 நிமிடம் காயவிடுங்கள். உப்புத்தாள் போடக் கூடாது, பின்னின் மேல் உள்ள வெள்ளிப் பூச்சு போய்விடும். தேங்காய் எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவக் கூடாது. அடுத்த தூசியை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும்.

சுத்தம் செய்தும் பயனில்லை. டார்ச் அடித்து மேல் வரிசைச் சிறு பின்கள் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒன்று உள்வாங்கியிருந்தால் கன்னைச் சாய்வாகக் குத்தியதில் அதன் பிடி உடைந்திருக்கிறது. அது போர்ட் மாற்றும் வேலைதான்.

பின்கள் நேராக இருந்தால் கன்னைச் சோதியுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து உருவிய பிறகு, கன்னின் பி.பி. துளைக்கும் எர்த் துளைக்கும் இடையே ஓம் அளவு எடுங்கள். 13 ஆம்பியர் கேபிள் என்றால் 1.5 கிலோ ஓம், 20 ஆம்பியர் என்றால் 680 ஓம், 32 ஆம்பியர் என்றால் 220 ஓம் அளவில் வர வேண்டும். மீட்டர் எதையும் காட்டாவிட்டால் கன்னுக்குள் பி.பி. இணைப்பு அறுந்திருக்கிறது. கேபிளுக்குள் போகும் சி.பி. வயர் அறுவது கைப்பிடியை ஒட்டிக் கேபிள் மடியும் இடத்தில்தான், அதை இந்த அளவு காட்டாது. கேபிளைப் பிடித்து இழுத்தே கழற்றும் பழக்கம் இருந்தால் விரைவில் அறும். கன் நல்லது, பின்கள் நேர், 12 வோல்ட் சரி, அப்படியும் வண்டி விழிக்கவில்லை என்றால் இங்கே நிறுத்திக்கொண்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். அடுத்தது போர்ட்டின் பின்புற வயரிங்.

## அறிகுறி 2: பெட்டியில் சிவப்பு விளக்கு, எர்த் இல்லை என்கிறது

சேலத்தைச் சுற்றிப் பாறை நிலம் அதிகம். கரியும் உப்பும் போட்ட எர்த் குழி கோடையில் காய்ந்துவிட்டால், போன மாதம் வரை சார்ஜ் ஏறிய இடத்தில் இன்று ஏறாது. பெட்டி வேண்டுமென்றே மறுக்கிறது. இதை ஏமாற்றப் பார்க்கக் கூடாது.

சாக்கெட்டில் மூன்று அளவு எடுங்கள். ஃபேஸ்–நியூட்ரல் 220 முதல் 240 வரை. ஃபேஸ்–எர்த் அதே அளவை ஒட்டி இருக்க வேண்டும். நியூட்ரல்–எர்த் 2 வோல்ட்டுக்குள். ஃபேஸ்–எர்த் 110, 150 என்று மிதந்தால் எர்த் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. நியூட்ரல்–எர்த் 5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் குழி பலவீனம் அல்லது நியூட்ரல் இணைப்பு தளர்வு. டெஸ்டர் எரிவதோ எரியாததோ இதைச் சொல்லாது.

சரிசெய்யும் வரிசை: சாக்கெட்டின் பின்னால் எர்த் திருகு இறுக்கமா, மீட்டர் போர்டில் எர்த் வயர் பிடித்திருக்கிறதா, பிறகு குழிக்குத் தண்ணீர். தண்ணீர் ஊற்றியதும் விளக்கு பச்சையானால் நோய் தெரிந்துவிட்டது, மருந்து இன்னும் கொடுக்கவில்லை. எலக்ட்ரீஷியனிடம் எர்த் ரெசிஸ்டன்ஸ் மீட்டரால் அளக்கச் சொல்லி 5 ஓமுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். பாறையில் ஒரு குழி போதாவிட்டால் இரண்டாவது குழியைச் சில மீட்டர் தள்ளிப் போட்டு இரண்டையும் இணைப்பார்கள்.

சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டால் பச்சை வரும். சிலர் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று செய்தும் கொடுக்கிறார்கள். தெருவில் நியூட்ரல் அறுந்த அன்று வேனின் உடல் முழுவதும் 230 வோல்ட் நிற்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு சரக்கு இறக்குபவர்தான் முதலில் கை வைப்பார்.

வேறு இடத்தில் நல்ல சாக்கெட்டிலும் அதே சிவப்பு. கன்னின் எர்த் துளைக்கும் பிளக்கின் எர்த் முள்ளுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பிளக்கை உருவிவைத்துப் பாருங்கள். இருந்தால் போர்ட்டின் எர்த் பின்னுக்கும் வண்டியின் வெறும் உலோகத்துக்கும் இடையே பாருங்கள். மீட்டர் முனைகள் இரண்டையும் ஒன்றாகத் தொட்டு வரும் அளவைக் கழித்துவிட்டால் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். ஒரு ஓம் நின்றாலும் போர்ட்டின் எர்த் போல்ட் தளர்ந்தோ துருப்பிடித்தோ இருக்கிறது. அந்த போல்ட்டைப் பட்டறையில்தான் திறக்க வேண்டும், ஆரஞ்சு கேபிள் அதன் பக்கத்திலேயே போகிறது.

## அறிகுறி 3: நன்றாகத் தொடங்கி, பாதியில் நிற்கிறது, கருகல் வாசனை

போர்ட்டைக் கொல்வது இந்த அறிகுறிதான். வரும்போதே பிடித்துவிட்டால் செலவு ஒரு சாக்கெட்டோடு முடியும்.

15 ஆம்பியர் பிளக்கில் வேன் 6, 7 மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். கிரைண்டரும் இஸ்திரிப் பெட்டியும் அப்படி இழுப்பதில்லை. வீட்டில் பல ஆண்டு உழைத்த சாக்கெட் வேனுக்கு ஒரு கோடையைக்கூடத் தாங்காமல் போகலாம். தளர்ந்த இணைப்பில் 0.1 ஓம் கூடினாலே 15 ஆம்பியரில் 22 வாட் சூடு அந்த ஒரே புள்ளியில் உட்கார்ந்துகொள்ளும்.

சார்ஜ் போட்டு 30 நிமிடம் கழித்து, இழுத்துக்கொண்டிருக்கும்போதே இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நான்கு இடம் பாருங்கள்: சாக்கெட்டின் முகம், பிளக், கன்னின் கழுத்து, போர்ட்டின் பிளாஸ்டிக் விளிம்பு. பளபளக்கும் உலோகத்தில் இந்த மீட்டர் பொய் சொல்லும், பிளாஸ்டிக்கைக் குறிவையுங்கள். சுற்றியுள்ள வெப்பத்தைவிட 20 டிகிரிக்கு மேல் எது ஏறியிருக்கிறதோ அங்கே பழுது. 40 டிகிரி கூடியிருந்தால் உடனே நிறுத்துங்கள். நிறுத்தும்போது எம்.சி.பி.யை முதலில் இறக்குங்கள், கன்னைப் பிறகு கழற்றுங்கள். மின்சாரம் ஓடும்போது சூடான பிளக்கை உருவினால் தீப்பொறி பறக்கும்.

சாக்கெட்டும் பிளக்கும் சூடு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் அதைத் தூக்கி எறியுங்கள். பிளக்கின் முள் பழுப்பேறியிருந்தால் சாக்கெட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, பழுப்பேறிய முள் புதிய சாக்கெட்டையும் சூடாக்கும். நிலையான தீர்வு: மீட்டர் போர்டிலிருந்து வேனுக்கென்று தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., நல்ல தரத்தில் 16 ஆம்பியர் தொழிற்சாலை வகை சாக்கெட். அந்த நீல நிற சாக்கெட்டுக்கு ஏற்ற பிளக் பெட்டியில் இருக்க வேண்டும். பிளக்கை வெட்டி மாற்றினால் வாரன்ட்டி போகலாம், கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வோல்டேஜையும் ஒப்பிடுங்கள். இழுக்காதபோது 232, இழுக்கும்போது 226 என்றால் சரி. 205-க்கு இறங்கினால் வழியில் எங்கோ இணைப்பு எரிந்துகொண்டிருக்கிறது. விசைத்தறி நிறைந்த தெருக்களில் தறி ஓடும் நேரத்தில் லைன் வோல்டேஜே தாழ்ந்திருக்கலாம், ஆகையால் இரவு 11 மணிக்கு மேல் ஒருமுறை அளந்து பாருங்கள். இரவில் சரியாக ஏறினால் வண்டியில் பழுது இல்லை.

சுவர்ப்பக்கம் குளிர்ச்சி, கன்னும் போர்ட்டும் சூடு. ஆறவிட்டுக் கழற்றி, இரண்டு பக்கமும் டார்ச் அடியுங்கள். இந்த வகையில் பின் வண்டியில் இருக்கிறது. அதைப் பிடிக்கும் ஸ்பிரிங் குழல் கன்னுக்குள் இருக்கிறது. தேய்வது ஸ்பிரிங், கருகுவது இரண்டும்.

- பின்கள் வெள்ளையாக, லேசான கோடுகளோடு: இயல்பு. சுத்தம் செய்து ஓட்டலாம்.
- பின்னில் தேன் நிறம், பிளாஸ்டிக் சரியாக இருக்கிறது: ஸ்பிரிங் தளர்ந்த அடையாளம். கன்னை மாற்றி, 10 ஆம்பியர் தேர்வு இருந்தால் அதில் வைத்து ஒரு வாரம் சூட்டைப் பாருங்கள். போர்ட் பிழைக்கும்.
- செம்பு நிறம் தெரிகிறது, குழிகள் விழுந்திருக்கின்றன: பூச்சு போய்விட்டது. கன், போர்ட் இரண்டையும் மாற்ற வேண்டும்.
- பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் உருகி அல்லது கறுத்து இருக்கிறது: அந்தப் போர்ட்டில் இனி கன் மாட்டவே கூடாது. "இன்று ஒருநாள் மட்டும்" என்பதும் கூடாது.

கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் முலாம் போடுபவருக்குப் பஞ்சமில்லைதான். ஆனாலும் செம்பு தெரியும் பின்னுக்கு வெள்ளி முலாம் போட்டு ஒப்பேற்றும் எண்ணம் வேண்டாம். பின்னைக் கழற்றினால் அதன் பிடியும் நீர்க்காப்பும் உடையும், குழி விழுந்த பின் முலாமுக்குப் பிறகும் குழி விழுந்த பின்தான்.

எங்குமே சூடு இல்லை, ஆனாலும் நிற்கிறது அல்லது மிக மெதுவாக ஏறுகிறது. போர்ட்டுக்குள் உள்ள வெப்ப சென்சாரைச் சந்தேகிக்கலாம். பல போர்ட்டுகளில் பிளாட்டினம் 1000 வகை சென்சார் இருக்கும்: 0 டிகிரியில் 1000 ஓம், 30-இல் சுமார் 1117, 80-இல் சுமார் 1309. ஆறிய போர்ட்டில் 1300 காட்டினாலோ அறுந்த வயர்போலத் திறந்து நின்றாலோ, வண்டி போர்ட் கொதிப்பதாக நம்பி ஆம்பியரைக் குறைக்கும். சென்சார் கனெக்டர் போர்ட்டின் முதுகில் இருப்பதால் இதை அளப்பது சர்வீஸ் வேலை. சென்சார் வகை வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

## அறிகுறி 4: சார்ஜ் போட்டதும் சுவிட்ச் விழுகிறது

எது விழுகிறது என்று முதலில் பாருங்கள், இரண்டுக்கும் காரணம் வேறு.

எம்.சி.பி. ஒரு மணி நேரம் கழித்து விழுந்தால் சூடு. 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் 15 ஆம்பியர் இடைவிடாமல் ஓடி, அதுவும் தகரக் கொட்டகையில் வெயிலில் இருந்தால் விழத்தான் செய்யும். வயர் தடிமன் போதுமென்றால் 20-க்கு மாற்றலாம். வயரைப் பார்க்காமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால் அடுத்து எரிவது சுவருக்குள் இருக்கும் வயர். எம்.சி.பி. போட்ட நொடியே விழுந்தால் ஷார்ட், மறுபடி போட்டுப் பார்க்கக் கூடாது.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் கசிவு. கன் வண்டியில் மாட்டாதபோதே விழுந்தால் பெட்டி அல்லது வயரிங் கெட்டிருக்கிறது. வண்டியில் மாட்டிய பிறகுதான் என்றால், அது ஈரமான காலையில் மட்டுமா என்று கவனியுங்கள். ஏற்காட்டில் இரவு நிறுத்திய வண்டிகளுக்கு இது வாடிக்கை. பனிமூட்டம் மூடியின் ரப்பர் வழியே நுழைந்து, குளிர்ந்த பின்களின் மேல் துளியாக நிற்கும்.

மூடியைத் திறந்து வெயிலில் வைப்பதே நல்ல வைத்தியம். அவசரமென்றால் முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளிப் பிடித்து 15 நிமிடம் காட்டுங்கள். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் வேண்டாம். பிறகு போர்ட்டின் வடிகால் குழாயைப் பாருங்கள். அதன் முனை வண்டிக்கடியில் தொங்கும், சேறு அடைத்திருக்கும். காய்ந்த ஈர்க்குச்சியால் கீழிருந்து குத்தி எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கம்பி வேண்டாம். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம், முழுப் போர்ட் தேவையில்லை.

காய்ந்த பிறகும், வெயில் நாளிலும், வேறு இடத்திலும் ஆர்.சி.சி.பி. விழுகிறது என்றால் கசிவு வண்டிக்குள் இருக்கிறது: போர்ட் கேபிள் அல்லது உள்சார்ஜர் (வீட்டு ஏ.சி.யை பேட்டரிக்கான டி.சி.யாக மாற்றும், வண்டிக்குள் உள்ள சார்ஜர்). அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேர் லைன் கொடுப்பவர் எலக்ட்ரீஷியன் அல்ல.

## அறிகுறி 5: கன் வெளியே வரவில்லை, அல்லது பூட்டு விழவில்லை

இழுக்காதீர்கள். வண்டியை ரிமோட்டில் ஒருமுறை பூட்டித் திறந்து, கன்னை லேசாக உள்ளே அழுத்தியபடி 10 நொடி பொறுங்கள். பூட்டும் முள்ளின் மேல் கேபிளின் எடை தொங்கினால் மோட்டாருக்கு அதை உருவும் பலம் இருக்காது, ஆகவே கேபிளைக் கையில் தாங்கிக்கொள்ளுங்கள். அப்படியும் வராவிட்டால் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு அவசர விடுவிப்புக் கயிற்றைத் தேடுங்கள். எங்கே இருக்கிறது என்பது கையேட்டில் இருக்கும், முன்பே பார்த்து டிரைவருக்குக் காட்டி வைப்பது நல்லது.

பூட்டு விழாமல் சார்ஜ் தொடங்க மறுத்தால், முள் வரும் துளையில் மாவோ கல்லோ இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சத்தம் கேட்டும் முள் வரவில்லை என்றால் உள்ளே பல் உடைந்திருக்கிறது. பல மாடல்களில் பூட்டு மோட்டார் தனியாகக் கிடைக்கும். அதற்காக முழுப் போர்ட் விலை சொன்னால், தனி உதிரிபாக எண் இருக்கிறதா என்று கேளுங்கள்.

## அறிகுறி 6: வீட்டில் ஏறுகிறது, வேகச் சார்ஜரில் ஏறவில்லை, அல்லது நேர்மாறு

வேகச் சார்ஜில் ஏறுகிறது, வீட்டில் இல்லை. சி.பி., பி.பி., எர்த், பூட்டு எல்லாம் வேலை செய்கின்றன என்று இதுவே சொல்லிவிட்டது. மிஞ்சுவது சுவர், பெட்டி, ஃபேஸ்–நியூட்ரல் பின்கள், வண்டியின் உள்சார்ஜர். வேறு பெட்டியைக் கடன் வாங்கி ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகே உள்சார்ஜர் பற்றிப் பேச வேண்டும். இந்தப் பட்டியலில் விலை கூடியது அதுதான்.

வீட்டில் ஏறுகிறது, வேகச் சார்ஜில் இல்லை. இரண்டு வேறு நிலையங்களில் பாருங்கள், ஒரே நிலையத்தின் இரண்டு கன்களில் அல்ல. இரண்டிலும் தொடர்பு கொள்வதாகக் காட்டிப் பிறகு அறுந்தால் சி.பி. பின்னைச் சுத்தம் செய்யுங்கள். நிலையத்துக்கும் வண்டிக்கும் நடக்கும் டேட்டா பேச்சு அந்த ஒரே வயரில்தான் போகிறது. வீட்டுச் சார்ஜ் பொறுத்துக்கொள்ளும் அழுக்கை அது பொறுக்காது. சுத்தம் செய்தும் அறுந்தால் பழுது கான்டாக்டர் (பெரிய பேட்டரியின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்), டி.சி. சென்சார் பக்கம். அது சர்வீஸ் சென்டர் வேலை.

போர்ட்டுக்குச் சம்பந்தமில்லாத இரண்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சரக்கோடு ஏறிய வண்டி "சார்ஜ் தங்கவில்லை" என்று வரும். 2 டன் எடையை ஏறக்குறைய 1200 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் 6.5 யூனிட் தேவை, அதில் எந்தக் கோளாறும் இல்லை. மேலே போய் நூறு சதவீதம் ஏற்றி உடனே இறங்கினால் 20 கொண்டை ஊசியிலும் மோட்டார் பிரேக் பிடிக்காது. நிறைந்த பேட்டரியில் திரும்ப வாங்க இடமில்லை. மேலே 80-இல் நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

## போர்ட்டை மாற்றும் வேலை

உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது. உரிமையாளர் பக்கத்தில் நின்று பார்க்கலாம், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் நல்லது.

ஆர்டர் செய்யும்போது மாடல் பெயரைச் சொல்லாமல் சேசிஸ் எண்ணைக் கொடுங்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கும் போர்ட்டுகளில் ஆம்பியர் அளவு, சென்சார் வகை, பூட்டு மோட்டார், கேபிள் நீளம் மாறும். ஆரஞ்சு கேபிளோடு ஒரே துண்டாக வருவதையே வாங்குங்கள். பழைய கேபிளை நடுவில் வெட்டிப் புதிய போர்ட்டோடு கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் நசுக்கி இணைத்து) டேப் சுற்றித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். கூடவே புதிய கேஸ்கெட், எர்த் போல்ட்டுக்கு வாஷர் கேட்டு வாங்குங்கள். கன் தேய்ந்திருந்தால் அதுவும் இன்றே.

1. காய்ந்த, சமமான தரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை வண்டியை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும்.
2. பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, வேலை செய்பவர் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மேனுவல் சொல்லும் நேரம், இல்லாவிட்டால் குறைந்தது 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். கெப்பாசிட்டர்கள் காலியாக அந்த நேரம் ஆகும்.
3. கிளாஸ் 0 ரப்பர் கையுறையோடு மீட்டரை முதலில் தெரிந்த மின்சாரத்தில் சோதித்து, பிறகு ஜங்ஷன் பாக்ஸில் அளந்து, மறுபடி தெரிந்த மின்சாரத்தில் சோதிக்க வேண்டும். பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். 60 வோல்ட்டுக்கு மேல் நின்றால் வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும், கான்டாக்டர் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.
4. கேபிள் போகும் வழியைப் படம் எடுத்த பிறகே கிளிப்புகளைக் கழற்ற வேண்டும். ஜங்ஷன் பாக்ஸ், உள்சார்ஜர் கனெக்டர்களில் இரட்டைப் பூட்டு இருக்கும். முதல் பூட்டைத் திறக்காமல் நெம்பினால் எதிர்ப்பக்கக் கனெக்டர் உடையும், அது போர்ட்டைவிட விலை.
5. போர்ட்டின் போல்ட்டுகள், எர்த் போல்ட், சென்சார், பூட்டு மோட்டார் கனெக்டர், அவசரக் கயிறு, வடிகால் குழாய். இந்த ஆறும் கழன்ற பிறகே வெளியே இழுக்க வேண்டும்.
6. எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி வெறும் உலோகம் தெரிய வைக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக் கூடாது.
7. புதிய போர்ட்டின் போல்ட்டுகளை முதலில் கையால் பிடிக்க வைத்து, பிறகு எதிரெதிராக டார்க் ரெஞ்சால் மேனுவல் அளவுக்கு இறுக்கி, பெயின்ட் பேனாவால் கோடு போட வேண்டும். அளவு மீறினால் பிளாஸ்டிக் விளிம்பு வெடிக்கும், அந்த வெடிப்பு முதல் மழையில்தான் தெரியும்.
8. கேபிளைப் பழைய வழியிலேயே, கூர் மடிப்பில்லாமல், எல்லாக் கிளிப்பும் போட்டுப் பிடிக்க வேண்டும். வடிகால் குழாய் நசுங்காமல் கீழ்நோக்கி இருக்க வேண்டும்.
9. ஜங்ஷன் பாக்ஸில் கேபிளை மாட்டும் முன் மெகர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) சோதனை: டி.சி. பிளஸ்–உடல், டி.சி. மைனஸ்–உடல், 500 வோல்ட்டில். புதிய கேபிளில் நூற்றுக்கணக்கான மெகா ஓம் வரும். ஒற்றை இலக்கத்தில் வந்தால் ஈரமோ நசுங்கலோ இருக்கிறது. சி.பி., பி.பி., சென்சார் வயர்களில் மெகரை வைக்கவே கூடாது. எர்த் பின்–உடல் 0.1 ஓமுக்குள் இருக்க வேண்டும்.
10. கனெக்டர்கள், சர்வீஸ் பிளக், கடைசியில் 12 வோல்ட். பிறகு ஸ்கேனரால் பழைய பிழைக் குறிகளை அழிக்க வேண்டும்.

அதிகம் விட்டுப்போவது மூன்று. சென்சார் கனெக்டர் பாதி மட்டும் மாட்டியிருக்கும், வண்டி மெதுவாகச் சார்ஜ் ஏற்றும். அவசரக் கயிற்றைக் கொக்கியில் மாட்டியிருக்க மாட்டார்கள், தேவைப்படும் அன்றுதான் தெரியும். எர்த் போல்ட் பெயின்ட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும், சிவப்பு விளக்கு மறுபடி வரும். மூன்றையும் டிரிம் மூடும் முன் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

## பட்டறையை விட்டு எடுக்கும் முன்

பூட்டை 10 முறை போட்டு எடுங்கள், அவசரக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். குறைந்த ஆம்பியரில் 30 நிமிடம், பிறகு முழு ஆம்பியரில் ஒரு மணி நேரம் ஏற்றி, முன்பு சொன்ன நான்கு இடங்களிலும் சூட்டை எழுதி வையுங்கள். வேகச் சார்ஜ் வசதி இருந்தால் 10 நிமிடம் அதிலும் போடுங்கள். மூடியை மூடி ஒரு குவளைத் தண்ணீரை மேலே ஊற்றி, 5 நிமிடம் கழித்துத் திறந்தால் பின்கள் காய்ந்திருக்க வேண்டும், வடிகால் முனையில் துளி சொட்ட வேண்டும்.

கழற்றிய பழைய போர்ட்டை வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பின் கருகியிருக்கிறது என்பதில் காரணம் எழுதியிருக்கும்: ஃபேஸும் நியூட்ரலும் சமமாகக் கருகினால் பெரும்பாலும் கன், ஒன்று மட்டும் என்றால் அந்தப் பின்னின் கிரிம்பையும் சந்தேகிக்கலாம். வாரன்ட்டி கேட்கும்போதும் அது கையில் இருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து வீட்டுச் சாக்கெட்டில், அதே 30 நிமிடம் கழித்து, அதே நான்கு இடங்களை அளந்து எழுதி வைத்த எண்களோடு ஒப்பிடுங்கள்.